திண்டுக்கல்லிலிருந்து டேராடூனுக்கு ஒரு நேர்கோடு

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய கணவர் கொத்தனார் வேலை பார்த்து மறைந்தவர். ஒரே மகனுக்கு டேராடூனில் வேலை கிடைத்தது. பையன் ரயிலேறிய மறுநாள் அந்த அம்மையார் என்னிடம் வந்து, "ஏன் தம்பி, டேராடூன் இங்கேருந்து எம்புட்டுத் தூரம் இருக்கும்?" என்று கேட்டார்.

பள்ளியில் பூகோளம் படித்தவன் என்ற பெருமையில், "நேர்கோட்டில் 2210 கிலோமீட்டர், அம்மா. ஆகாய விமானத்தில் நேராகப் பறந்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்" என்றேன். அவர் அதோடு விடவில்லை. "நேர்கோட்டுல, நேர்கோட்டுலங்கிறீங்களே, யாரு நூல் பிடிச்சுப் பார்த்தது?" என்றார்.

கொத்தனார் வீட்டுப் பெண்மணிக்கு இயல்பாக எழக்கூடிய கேள்விதான். ஆனால் அட்டவணைகளில் அச்சிட்டிருக்கும் தூரங்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய எனக்கு அக்கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை. உண்மையில் அந்தக் கோட்டுக்கு நூல் பிடித்துத்தான் பார்த்தார்கள். திண்டுக்கல்லின் பக்கமாகச் சென்ற அந்த நூல் டேராடூன் போய்ச் சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரே தீர்க்கரேகையில் இரு ஊர்கள்

தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். திண்டுக்கல் வட அட்சரேகை 10 பாகை 22 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 59 கலையிலும் இருக்கிறது. டேராடூன் வட அட்சரேகை 30 பாகை 19 கலை; தீர்க்கரேகை 78 பாகை 2 கலை. இரண்டு ஊர்களும் 78ஆம் தீர்க்கரேகையின்மீதே அமர்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். இடையில் ஆக்ரா நகரும் அதே கோட்டில்தான் வருகிறது. திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து வடக்கே, ஓர் அணுவும் விலகாமல் பறந்து செல்லும் பறவை ஒன்று இருந்தால், அது தாஜ்மகாலுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே கடந்து டேராடூனுக்கு அருகில் இமயத்தின் அடிவாரத்தைத் தொடும்.

ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் இரு ஊர்களிலும் நண்பகல் ஒரே கணத்தில் வருகிறது. நம் கைக்கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே 4½ பாகைக்குப் பதினெட்டு நிமிடம். சூரியன் இவ்வூர்களின் உச்சிக்கோட்டைக் கடப்பது சராசரியாகப் பன்னிரண்டு மணி பதினெட்டு நிமிடத்தில். திண்டுக்கல்லில் நிழல் மிகக் குறுகும் அதே நேரத்தில்தான் டேராடூனிலும் நிழல் குறுகும். ஆனால் அந்த நிழலின் நீளம் மட்டும் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரு ஊர்களுக்கும் இடையே அட்சரேகையில் உள்ள வேறுபாடு 19 பாகை 57 கலை. அதாவது பூமியின் சுற்றளவில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. பூமியைச் சுற்றினால் 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டில் ஒரு பங்கு 2222. நான் அந்த அம்மையாருக்குச் சொன்ன விடைக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டோம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ், எகிப்தில் சையீன், அலெக்சாந்திரியா என்ற இரு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது இதே முறையில்தான். அவருக்குக் கிடைத்த வேறுபாடு சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு. நமக்குக் கிடைப்பதோ பதினெட்டில் ஒரு பங்கு. அவ்வளவு நீளமான கோடு நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த நீளந்தான் இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியின் கண்ணில் பட்டது.

சங்கிலியும் கோணமும்

அவர் பெயர் வில்லியம் லாம்டன். 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புதிதாகக் கைவந்த நிலத்துக்கு வரி போடவும் படை நடத்தவும் சரியான படங்கள் வேண்டியிருந்தன. லாம்டனுக்கோ வேறொரு வேட்கையும் இருந்தது. பூமி சரியான உருண்டையா, துருவங்களில் சற்றுத் தட்டையானதா, அப்படியானால் எவ்வளவு தட்டை என்பதை அளந்து அறிய வேண்டும் என்பதே அது. கம்பெனியின் பணத்தில் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தார் எனலாம். கம்பெனிக்கு அவருடைய முதல் வேட்கை எவ்வளவு புரிந்தது என்பது ஐயமே.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே அவர் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளவுகோல் நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாக இங்கிலாந்திலிருந்து கொண்டு செல்லப்பட்ட கருவிகளுள் அதுவும் ஒன்று. பேரரசர் ஏற்காததால் கைமாறி, கடைசியில் லாம்டனிடம் வந்து சேர்ந்தது.

நூறு அடிச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை முனையோடு முனை வைத்து அளக்க வேண்டும். இதில் என்ன கடினம் என்று நினைக்கலாம். சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் பத்து சென்டிகிரேடு கூடினால் நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். அற்பம் போலத் தோன்றும் இந்த மூன்றரை மில்லிமீட்டர், நானூறு முறை சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆகிவிடுகிறது! ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நிழலில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் செய்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அளந்தது ஏழரை மைல் மட்டுமே. மீதி நாட்டை இப்படி அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. இங்கேதான் பள்ளியில் நாம் படிக்கும் திரிகோண கணிதம் உதவிக்கு வருகிறது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டு விடலாம். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் போதும், குன்றின் தூரம் வந்துவிடும். அப்படி வந்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இவ்வாறு குன்றுக்குக் குன்று தாவித் தாவி, சங்கிலியைத் தரையில் வைக்காமலே நூற்றுக்கணக்கான மைல் போய்விடலாம்.

கோணத்தை அளக்க லாம்டன் வரவழைத்த தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. கிடைவட்டத்தின் குறுக்களவு மூன்று அடி. லண்டனிலிருந்து அதைக் கொண்டு வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போய்விட்டனர். பெட்டியைத் திறந்து பார்த்து அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், பகை நாட்டுக்கு உரியது என்றும் பாராமல், மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தக் காலத்துப் போர்களிலும் இப்படிச் சில நல்ல வழக்கங்கள் இருந்தன.

மேற்கு நோக்கி முக்கோணங்களை நீட்டி மங்களூர் வரை சென்றபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அதுவரை வழங்கிய படங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் இருந்தது. லாம்டன் அளந்ததில் 360 மைல்தான் தேறியது. நாற்பது மைல் அகலமுள்ள நிலம் ஒன்று, எந்தப் போரும் இல்லாமல், கம்பெனியின் கையை விட்டுப் போய்விட்டது. இந்த அளவுக்கான செலவை அரசாங்கம் எப்படிப் பொறுத்துக் கொண்டதோ!

மலைகளும் கோபுரங்களும்

வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க லாம்டன் இடையிடையே புதிய அடிக்கோடுகளை அளந்தார். பெங்களூருக்கு அருகே 1804இல் அளந்தபோது, முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் சங்கிலியால் நேரில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. ஏழு மைல் நீளத்தில் நான்கு அங்குலம்! பெங்களூரிலிருந்து தெற்கு வடக்காகச் செல்லும் ஒரு முக்கோணத் தொடரை அவர் அமைக்கலானார். இதுதான் பின்னால் 'பெரு வில்' என்று பெயர் பெற்றது. 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் செல்லும் கோடு இதுவே.

1806இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஓர் அடிக்கோடு. 1809இல் திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டைக்கு அருகே இன்னொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் முக்கோணங்கள் பழனி மலைத்தொடரையும் திண்டுக்கல் – மதுரைச் சமவெளியையும் தாண்டித்தான் தெற்கே இறங்கியாக வேண்டும்.

இந்த வேலைக்கு நம் வட்டாரத்தைப் போல வாய்த்த இடம் எளிதில் கிடைக்காது. மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்று பாருங்கள். சுற்றியுள்ள தரையிலிருந்து கோட்டைப் பாறையின் உயரம் ஏறத்தாழ 280 அடி. அந்த உயரத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் அடிவானம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்கு அப்பால் பூமியின் வளைவு தரையை மறைத்துவிடும். ஆனால் மேற்கே கொடைக்கானல் மலையும், தெற்கே சிறுமலையும், கிழக்கே கரந்தமலையும், வடக்கே கரூர்ச் சாலையில் தனித்து நிற்கும் ரங்கமலையும் தெரிகின்றன. ஏன்? அவை உயர்ந்து நிற்பதால் வளைவுக்கு மேலே தலைகாட்டுகின்றன. ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலையுச்சிக்கு அடிவானம் 113 கிலோமீட்டர் வரை விரியும். வானம் தெளிந்திருந்தால் இரண்டு மலைகள் ஒன்றையொன்று நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பார்த்துக்கொள்ளும். சமவெளியின் நடுவே இப்படி நாலாபுறமும் மலைகள் நிற்பது அளவையாளருக்குக் கொடுப்பினை.

அதுவே தஞ்சைச் சீமையில் இல்லை. காவிரிப் படுகையில் குன்று ஏது? கோயில் விமானங்களும் கோபுரங்களுமே குன்றுகள் ஆயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்து போயிற்று. வேறு யாராக இருந்தாலும் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பார்கள். லாம்டன் ஆறு வாரம் கதவை அடைத்துக்கொண்டு, நெளிந்த வட்டத்தைச் சிறுகச் சிறுகத் தட்டியும் இழுத்தும் பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். அந்தக் கருவிதான் பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது.

மலையுச்சிகளில் கருவியைச் சுமந்து சென்றவர்கள், கொடிக்கம்பம் நட்டவர்கள், விளக்கேற்றிக் காத்திருந்தவர்கள், காட்டை வெட்டிப் பார்வைக்கு வழி திறந்தவர்கள் எல்லாரும் நம் ஊர் மக்கள். காய்ச்சலுக்கும் காட்டு விலங்குக்கும் அவர்களில் எத்தனையோ பேர் பலியானார்கள். மழைக்குப் பின் தூசி அடங்கி வானம் தெளிவாக இருக்கும். ஆகவே அளவைக்கு ஏற்ற பருவம் அதுவே. மலைக்காய்ச்சலுக்கும் அதுவே பருவம். பெரும்பாலோர் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. ஏறிய சிலரில், சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்று லாம்டனுக்கு வலக்கரமாக இருந்த ஜோஷுவா டி பெனிங்கைச் சொல்லலாம். பின்னாளில் இந்த அளவைத் துறையின் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பேற்ற சையது மீர் மொசின் உசேன் ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்.

இவ்வட்டாரத்தை நுணுக்கமாகப் படமெழுதும் வேலை பின்னர் நடந்தது. 1821இல் பழனி மலைகளின்மேல் ஏறி அளந்த லெப்டினன்ட் வார்டுதான் கொடைக்கானல் பகுதியைக் கண்ட முதல் ஐரோப்பியர் என்பர். குறிஞ்சி நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்து வந்த மக்களுக்கு இது செய்தியன்று.

கோடு வடக்கே போகிறது

தெற்கு முனையைக் குமரிக்கு அருகே முடித்துவிட்டு லாம்டன் வடக்கே திரும்பினார். 1815இல் பீதர் அருகேயுள்ள தாமர்கிடா வரை வந்தாயிற்று. 1823 சனவரியில், வேலையிலேயே, இன்றைய மகாராட்டிரத்தைச் சேர்ந்த ஹிங்கன்காட் என்ற ஊரில் காலமானார். வயது எழுபதை நெருங்கியிருந்தது. பிறகு பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865இல் இவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அவருடைய வாழ்நாள் உழைப்பு அந்தச் சிகரத்தில் இல்லை; இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

வடக்கே கங்கைச் சமவெளியில் குன்றும் இல்லை, தஞ்சையைப் போல ஓங்கிய விமானங்களும் இல்லை. எவரெஸ்ட் ஏறத்தாழ ஐம்பதடி உயரக் காரைக் கோபுரங்களை எழுப்பினார். பகலில் தூசியும் கானலும் மறைத்ததால் இரவில் விளக்கேற்றி அளந்தார். வெப்பத்தில் நீளும் சங்கிலிக்குப் பதிலாக, இரும்பும் பித்தளையும் இணைத்த சட்டங்களை இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்தார். ஓர் உலோகத்தின் நீட்சியை மற்றொன்றின் நீட்சி ஈடுகட்டும்படி அமைந்தவை அவை. டேராடூன் பள்ளத்தாக்கில் 1834–35இல் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. எல்லாம் முடிந்தபோது ஆண்டு 1841. குமரியிலிருந்து இமயம் வரை ஏறத்தாழ 2400 கிலோமீட்டர்.

திண்டுக்கல்லையும் டேராடூனையும் இணைக்கும் தூரம் முதன்முதலாக ஐயமின்றித் தெரிந்தது அப்போதுதான். இன்றைய அளவுகளின்படி அது சுமார் 2209 கிலோமீட்டர். இதில் ஒரு நுட்பம் உண்டு. பூமி முழு உருண்டையாக இருந்தால் ஒரு பாகையின் நீளம் எங்கும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் திண்டுக்கல் அருகே தென்வடலாக ஒரு பாகை 110.61 கிலோமீட்டர், டேராடூன் அருகே 110.86 கிலோமீட்டர். கால் கிலோமீட்டர் வேறுபாடு. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பூமி தட்டையாவதன் அறிகுறி அது. இதை மறந்து, திண்டுக்கல் பாகையையே டேராடூன் வரை பெருக்கிக்கொண்டு போனால் தூரத்தில் இரண்டு கிலோமீட்டர் பிழை வந்துவிடும். லாம்டன் தேடிய விடை இதுதான். இந்த வில்லைக் கொண்டு எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமி வடிவத்தின்மீதே இந்தியாவின் படங்கள் நெடுங்காலம் எழுதப்பட்டன. செயற்கைக் கோள்கள் வந்த பின்னர் பார்த்தபோது, அவர் கணித்த நிலநடுக்கோட்டு ஆரம் உண்மையைவிட ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. 6378 கிலோமீட்டரில் 860 மீட்டர்!

பறந்தால் எவ்வளவு நேரம்?

அம்மையாரிடம் நான் சொன்ன மூன்று மணிக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய், அங்கிருந்து சென்னை வழியாகவோ தில்லி வழியாகவோ மாறித்தான் டேராடூன் சேர வேண்டும். காலையில் கிளம்பினால் போய்ச் சேர மாலையோ இரவோ ஆகும். அட்டவணைகளில் இரு ஊர்களுக்கு இடையே "பறக்கும் நேரம்" என்று போட்டிருப்பது, பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்த ஈவுதான். 2209ஐ 800ஆல் வகுத்தால் இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம். ஏறவும் இறங்கவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மூன்று மணி என்றேன்.

தூரம் மாறாது, நேரம் மாறும். 1875இல் திண்டுக்கல் வழியாகத் திருச்சி – மதுரை இருப்புப்பாதை வந்த பின்னரே இவ்வூரார் வடக்கே பயணம் போவதை நாட்கணக்கில் எண்ணத் தொடங்கினார்கள், அதற்குமுன் மாதக்கணக்கு. 1932 அக்டோபர் 15இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரியில் ஓர் இரவு தங்கிச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அந்த 'பஸ் மாத்' விமானத்தின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அதில் டேராடூன் போக வேண்டுமானால், எண்ணெய் ஊற்ற இறங்கும் நேரத்தைச் சேர்க்காமலே பதினான்கு மணி நேரம். 1949இல் இரவுத் தபால் விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது சென்னை, தில்லி, பம்பாய், கல்கத்தா விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் பைகளை மாற்றிக்கொண்டன. அந்த நாகபுரியும் பெரு வில்லுக்குப் பக்கத்து ஊர்தான். திண்டுக்கல்லைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கூட பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஆக்ரா என்று ஏறக்குறைய அந்தக் கோட்டின் நிழலாகவே போகிறது. ஆனால் சாலை வளைந்து வளைந்து போவதால் டேராடூனுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு விரைவுக் காற்று வீசுகிறது. வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தில்லியிலிருந்து கல்கத்தாவுக்கு 1300 கிலோமீட்டர். 800 கிலோமீட்டர் வேக விமானம் காற்றோடு போகும்போது 950 வேகத்தில் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் சேரும். எதிர்த்துத் திரும்பும்போது 650 வேகத்தில் இரண்டு மணி எடுக்கும். நம் கோடு தென்வடலாக இருப்பதால் அக்காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. விமானி மூக்கைச் சற்று மேற்கே திருப்பிக்கொண்டு பறக்க வேண்டும். ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஓடக்காரர் செய்வதுபோல. பைதகரஸ் தேற்றப்படி முன்னேறும் வேகம் 800இலிருந்து 786 ஆகக் குறையும். போகும்போதும் இழப்பு, வரும்போதும் அதே இழப்பு. இலாபம் எப்போதும் கிடையாது. தென்மேற்குப் பருவகாலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, இன்னும் உயரத்தில், கிழக்கிலிருந்து ஒரு விரைவுக் காற்று வீசுகிறது. இதை உலகுக்கு 1958இல் விளக்கிக் காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம்.

ஐந்து விகலை

இனித்தான் கதையின் முக்கிய இடம். எவரெஸ்ட் தம் வில்லை இரண்டு வழிகளில் சரிபார்த்தார். ஒன்று, முக்கோணங்கள் தந்த தூரம். மற்றொன்று, விண்மீன்களைப் பார்த்து நேரடியாகக் கண்ட அட்சரேகை. இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள கலியான்பூருக்கும், உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் அருகேயுள்ள கலியானாவுக்கும் இடையே இரு விடைகளும் ஒத்துப்போகவில்லை. வேறுபாடு 5.236 விகலை. ஒரு பாகையில் 3600 விகலை உண்டு. ஆகவே இது பாகையில் ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்கு. தரையில் 160 மீட்டர் அளவு. ஜெட் விமானம் இதைக் கடக்க ஒரு நொடி கூட ஆகாது.

அலட்சியம் செய்திருக்கலாம். செய்யவில்லை. கல்கத்தாவில் திருச்சபைப் பணியிலிருந்த ஜான் பிராட் என்ற கணிதவல்லுநர் காரணத்தைத் தேடினார். விண்மீனின் உயரத்தை அளக்க 'நேர் கீழ்' எது என்று தெரிய வேண்டும். அதைக் காட்டுவது தூக்குக்குண்டு. இமயம் போன்ற பெருமலை பக்கத்தில் இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் இழுக்காதா? இழுக்கும். வடக்கே இருக்கும் கலியானாவில் கூடுதலாக இழுக்கும். பிராட் இமயத்தின் பருமனைக் கணக்கிட்டு, இழுப்பு எவ்வளவு வேறுபாட்டைத் தர வேண்டும் என்று பார்த்தார். விடை 15.885 விகலை! கண்ட பிழையைப்போல் மூன்று மடங்கு. இப்போது கேள்வியே தலைகீழாயிற்று. பிழை ஏன் வந்தது என்பதல்ல, ஏன் இவ்வளவு குறைவாக வந்தது என்பதே கேள்வி.

1855இல் இங்கிலாந்தின் அரசு வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி ஒரு விடை சொன்னார். நீரில் மிதக்கும் கட்டைக்கு மேலே தெரியும் பகுதியைவிட அடியில் அமிழ்ந்த பகுதி பெரிது அல்லவா? மலைகளும் அப்படியே. மேலே எழுந்த மலைக்குக் கீழே, கனமான பாறைக் குழம்புப் படலத்துக்குள், கனம் குறைந்த பாறையாலான ஆழமான வேர் இறங்கியிருக்கிறது. அந்த வேர் கனம் குறைந்தது ஆதலால் மலையின் இழுப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. மலைகளுக்கு வேர் உண்டு என்று மனிதன் அறிந்தது சுரங்கம் தோண்டியன்று. இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ஒழுங்காக அளந்ததால்.

இதையெல்லாம் அந்த அம்மையாருக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று நான்கு மாலைகள் பிடித்தன. முடிவில், நாமே ஒரு முறை அளந்து பார்ப்போமே என்று தோன்றியது. மார்ச் 21ஆம் நாள் உச்சிவேளை இவ்விரு ஊர்களிலும் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு வரும். தொலைபேசியில் பையனோடு பேசி, அங்கே அவனும் இங்கே நாங்களும் ஒரு மீட்டர் நீளக் கம்பை வெயிலில் செங்குத்தாக நிறுத்தினோம். எங்கள் மொட்டைமாடியில் நிழல் பதினெட்டரை சென்டிமீட்டர். டேராடூனில் ஐம்பத்தேழரை. முக்கோண அட்டவணையைப் புரட்டினால் கோணங்கள் 10.48 பாகையும் 29.90 பாகையும். வேறுபாடு 19.42. பாகைக்கு 111.1 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 2158.

"நீங்க சொன்ன கணக்குக்கு அம்பது கிலோமீட்டர் குறையுதே, தம்பி" என்றார் அம்மையார். தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "கண்ணு, கம்பை நேராத்தானே நிப்பாட்டுன?" என்று மகனைக் கேட்டார். கையால்தான் பிடித்திருந்ததாக அவன் சொன்னான். கம்பு அரைப் பாகை சாய்ந்தால் தூரத்தில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போய்விடும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வீட்டுக்குள் சென்று, பரணிலிருந்த ஒரு சாக்குப் பையை இறக்கினார். கணவர் வைத்துப்போன சாமான்கள். மட்டப்பலகை, கரண்டி, நூல்கண்டு. அடியில் துரு ஏறிய தூக்குக்குண்டு.

"இதைப் பார்சல்ல அனுப்பலாமா?" என்று கேட்டார்.

அனுப்பினோம். அடுத்த செப்டம்பர் 23ஆம் நாள், பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மறுபடி அளப்பதாக ஏற்பாடு. குண்டு அங்கே தொங்கும்போது இமயம் அதைக் கொஞ்சம் இழுக்கும் என்பதையும் பையனுக்கு எழுதியிருக்கிறேன்.